‘கரஸ்லதான் படிச்சேன்’: திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஓர் எளிய அறிமுகம்

“டிகிரி எங்க பண்ணீங்க?” என்று கேட்டால் சிலர் கல்லூரிப் பெயரைச் சட்டென்று சொல்வார்கள். சிலர் குரலைக் கொஞ்சம் இறக்கி, “கரஸ்லதான் முடிச்சேன்” என்பார்கள். அந்தத் ‘தான்’ எனக்கு எப்போதும் உறுத்தும். வேலைக்குப் போய்க்கொண்டே, ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகத்தைத் திறந்து, ஐந்தாறு வருஷம் இழுத்துப் பிடித்து முடித்த படிப்புக்கு ஏன் அந்தத் தயக்கம்?

ஒரு காரணம், ‘கரஸ்’ என்ற சின்ன வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்களைப் போட்டு நாம் குழப்பிவைத்திருப்பது. அஞ்சல்வழி, தொலைநிலை, திறந்தநிலை. மூன்றும் ஒன்றல்ல.

அஞ்சல்வழி என்பது பாடம் எதில் ஏறி வருகிறது என்பதைச் சொல்கிறது. அன்று தபால், இன்று செல்போன். தொலைநிலை என்பது கற்பிக்கும் முறை. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இல்லாமல் பாடம் நடப்பது. திறந்தநிலை என்பது யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற கொள்கை. இணையத்திலேயே நடக்கும் ஒரு மேற்படிப்பு, ‘பட்டப்படிப்பில் இத்தனை சதவீதம் இருந்தால்தான் சேர்ப்போம்’ என்று சொன்னால் அது தொலைநிலைதான், திறந்தநிலை ஆகாது. வகுப்பறையில் நடக்கிற முதியோர் பள்ளி வயதும் மதிப்பெண்ணும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டால் அது திறந்தநிலை, ஆனால் தொலைநிலை இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் இது இன்னும் எளிதாகப் புரியும். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். பகலில் வேலை, மாலையில் பிள்ளைகள். கல்லூரி இருக்கும் ஊருக்குப் போய்வரவே நாலு மணி நேரம் ஆகும். வழக்கமான கல்லூரி இவரிடம் வாய்விட்டுக் கேட்பது மதிப்பெண் பட்டியலை மட்டும்தான். கேட்காமலே கேட்பவை மூன்று: பகல் நேரம் முழுக்க வேண்டும், தினமும் நேரில் வர வேண்டும், இருபது வயதில் இருக்க வேண்டும். கல்லூரி எதையும் மறுக்கவில்லை, இருந்தும் இவர் வெளியேதான் நிற்கிறார். தொலைநிலை இவருக்கு இடத்தையும் நேரத்தையும் சரிசெய்து தரும். மதிப்பெண்ணையும் வயதையும் தள்ளிவைக்கத் திறந்தநிலை வேண்டும்.

தபால் அட்டையிலிருந்து

1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் போகும் என்ற நிலை வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன், தான் உருவாக்கிய சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பாடத்தை அட்டையில் அனுப்புவார், மாணவர் பயிற்சியை எழுதித் திருப்பி அனுப்புவார், அது திருத்தப்பட்டு மறுபடி மாணவர் கைக்கு வரும். இதில் பாடம் போன பாதியைவிடத் திருத்தம் திரும்பி வந்த பாதிதான் முக்கியம். புத்தகம் அனுப்புவது வியாபாரம். எழுதியதைத் திருத்தித் திருப்பித் தந்தால்தான் அது கற்பித்தல்.

அடுத்த பெரிய அடியை லண்டன் பல்கலைக்கழகம் வைத்தது, ஆனால் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு. 1858-இல் கிடைத்த புதிய சாசனத்தின்படி, எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கூட அதன் தேர்வை எழுதிப் பட்டம் வாங்கலாம் என்றானது. 1878-இல் பெண்களுக்கும் அந்தப் பட்டங்கள் திறந்தன. பெரிய திறப்புதான். ஆனால் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைக் காட்டும், கேள்வித்தாளைத் தரும், அவ்வளவுதான். நடுவில் எப்படிப் படிப்பது என்பது மாணவர் பாடு. இலங்கைத் தமிழில் இன்றும் புழங்கும் ‘வெளிவாரிப் பட்டம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த ஏற்பாடும் உண்டு. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே லண்டனின் வெளிவாரித் தேர்வுகளுக்குத்தான் மாணவர்களைத் தயார்செய்தது.

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், அதாவது யூனிசா, 1873-இல் தொடங்கியபோது அதுவும் தேர்வு நடத்தும் அமைப்புதான். 1946-இல் அஞ்சல்வழியாகக் கற்பிக்கவும் இறங்கியது. நெல்சன் மண்டேலா தன் முதல் பட்டத்தை யூனிசாவில்தான் வாங்கினார். சட்டப் பட்டத்தை 1989-இல், இன்னும் சிறையில் இருக்கும்போதே, அதே யூனிசாவில் முடித்தார். சிறைக்கு உள்ளே கல்லூரி போக முடியாது, பாடப்பொட்டலம் போகலாம்.

இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதே வழியில் ஒரு துறையைத் திறந்தன. ‘கரஸ்’ என்ற வழக்கு நம் வாயில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை, கல்லூரிப் பாடத்தை அச்சடித்து உறையில் போட்டு அனுப்பும் ஏற்பாடாகவே இருந்தன. குறிப்பை வாங்கி மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள். ‘கரஸ்லதான்’ என்பதில் இருக்கும் ‘தான்’ பாதி இங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

காற்றுவழி என்றார்கள், தபால்காரர் சுமந்தார்

1963-இல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹரால்ட் வில்சன், வானொலியும் தொலைக்காட்சியும் கொண்டு ‘காற்றுவழிப் பல்கலைக்கழகம்’ ஒன்றை அமைக்கலாம் என்று கிளாஸ்கோவில் பேசினார். அடுத்த ஆண்டு அவரே பிரதமரானார். யோசனைக்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அமைச்சரிடம் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். ‘படிக்காதவர்களுக்கென்று ஒரு மட்டமான பட்டம்’ என்ற பேச்சுக்கே இடம் தராமல், மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சமமான தரம் என்றால்தான் இதைச் செய்வது என்று பிடிவாதமாக நின்றார். எதிர்ப்புக்கும் குறைவில்லை. கன்சர்வேடிவ் கட்சியின் இயன் மெக்லியோட் இதை வெறும் பிதற்றல் என்றார். 1970-இல் அதே கட்சி ஆட்சிக்கு வந்தபோது கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் இதை மூடாமல் விட்டது தனிக்கதை.

1969 ஏப்ரலில் சாசனம் கிடைத்தது. பெயர் ‘ஓபன் யுனிவர்சிட்டி’. முதல் வேந்தர் ஜெஃப்ரி குரோத்தர் தொடக்க உரையில் அந்த ‘ஓபன்’ எதற்கு என்று நான்கு திறப்புகளைச் சொன்னார்: மனிதர்களுக்கு, இடங்களுக்கு, முறைகளுக்கு, கருத்துகளுக்கு. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 25,000 பேர் படிக்கத் தொடங்கினார்கள். முன் தகுதி எதுவும் கேட்கவில்லை, முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் இடம். ஒரு வேடிக்கை என்னவென்றால், அப்போது குறைந்தபட்ச வயது 21. வழக்கமான கல்லூரிகள் வயது ஏறியவர்களை ஓசையில்லாமல் வெளியே நிறுத்த, இங்கே இளையவர்களுக்குத்தான் தடை! ஏற்கெனவே வாய்ப்பை இழந்தவர்களுக்கான இடம் இது என்ற நினைப்பு. அந்த வரம்பு பிறகு தளர்ந்தது.

பிபிசி தொலைக்காட்சியில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பாடங்கள் ஓடின. தாடியும் அகலமான டையுமாகக் கரும்பலகை முன் நின்ற பேராசிரியர்கள் பிரிட்டனில் இன்றும் கேலிப்பொருள். ஆனால் படிப்பின் பெரும்பாகத்தைச் சுமந்தது தொலைக்காட்சி இல்லை, தபாலில் வந்த அச்சுப் புத்தகம். அறிவியல் மாணவர்களுக்குப் புத்தகத்தோடு ஒரு பெட்டியும் வந்தது. அதில் சின்ன நுண்ணோக்கி, தராசு, ரசாயனங்கள். ஆய்வகத்துக்கு வர முடியாதவர் வீட்டுச் சமையலறை மேஜையே ஆய்வகமானது. கோடையில் ஒரு வாரம் ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் முகாமும் உண்டு. அந்த ஒரு வாரம் நேரில் சந்தித்தவர்கள் மீதி வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

பேசுகிற பக்கம்

சரி, தபாலில் புத்தகம் முன்பும் வந்ததே, இதில் என்ன புதுசு? எழுதிய விதம்தான் புதுசு.

கல்லூரியில் பாடநூல் எழுதுபவர், புத்தகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறார். புரியாத இடத்தில் கை தூக்கினால் அவர் விளக்குவார். தொலைவில் படிப்பவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் அந்த ஆசிரியரையும் பக்கத்துக்குள்ளேயே வைத்து எழுத வேண்டும். இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. பாடம் தெரிந்தவர் ஒருவர், எப்படிக் கற்றுக்கொள்வார்கள் என்று தெரிந்தவர் ஒருவர், மொழியைச் சரிபார்ப்பவர், படம் வரைபவர், முன்பு தொலைக்காட்சித் தயாரிப்பாளர், இப்போது மென்பொருள்காரர் என்று ஒரு குழு உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதுகிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்துப் போடுவார். அந்தச் சண்டையெல்லாம் முடிந்து அச்சுக்குப் போவதால்தான் நல்ல பாடநூல்களில் தெளிவு இருக்கிறது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், பாடநூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அத்தியாயம் என்று இருக்காது, ‘அலகு’ என்றிருக்கும். முதலில் இந்த அலகை முடித்ததும் உங்களால் என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு பட்டியல். அப்புறம் பாடம், சின்னச் சின்னப் பகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. ஐந்தாறு பக்கம் போனதும் பாடம் திடீரென்று நின்றுவிடும். ‘உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்று ஒரு கட்டம். இரண்டு மூன்று கேள்விகள், கேள்விக்குக் கீழே புள்ளிக்கோடுகள். கோட்டில் எழுதுங்கள், பிறகு அலகின் கடைசியில் இருக்கும் விடையோடு ஒப்பிடுங்கள் என்று குறிப்பு. வகுப்பில் ஆசிரியர் பேச்சை நிறுத்தி, “இதுவரைக்கும் புரிஞ்சுதா? நீ சொல்லு பார்ப்போம்” என்பாரே, அந்தக் கணம்தான் இந்தக் கட்டம். புள்ளிக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறவர், ஆசிரியர் கேள்வி கேட்கும்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிற மாணவர்தான்.

ஸ்வீடன் நாட்டுக் கல்வியாளர் பொர்யே ஹோல்ம்பெர்க், நல்ல தொலைநிலைப் பாடம் ஓர் உரையாடல்போல இருக்க வேண்டும் என்றார். ‘நீங்கள்’ என்று அழைக்க வேண்டும், மாணவருக்கு எங்கே சந்தேகம் வரும் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே நின்று பேச வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் மூர் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார். கல்வியில் தூரம் என்பதைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது என்பது அவர் வாதம். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே எவ்வளவு உரையாடல் நடக்கிறது, பாடம் எவ்வளவு இறுக்கமாக வகுக்கப்பட்டிருக்கிறது, மாணவர் தானாக நடத்திக்கொள்ள எவ்வளவு இருக்கிறது, இவைதான் தூரத்தைத் தீர்மானிக்கும். முந்நூறு பேர் உட்கார்ந்த கூடத்தில் கடைசி வரிசை மாணவர் ஆசிரியரிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கலாம். ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருந்து மாதம் ஒருமுறை விரிவான திருத்தக் குறிப்பு வாங்குகிற மாணவர் பக்கத்தில் இருக்கலாம். இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அசைன்மென்ட் எதற்கு?

ஒப்படைப்பு என்று அச்சில் இருக்கும், எல்லோரும் சொல்வது அசைன்மென்ட். பலர் இதைத் தேர்வுக்கு முன்னால் கட்ட வேண்டிய வரிபோல நினைக்கிறார்கள். யாரோ எழுதியதை வாங்கி, கையெழுத்தை மட்டும் மாற்றிச் சமர்ப்பிக்கிறார்கள். நட்டம் அவர்களுக்குத்தான். பல்கலைக்கழகம் மாணவரோடு தனிப்பட்ட முறையில் பேசுகிற அநேகமாக ஒரே இடம் அது.

நம் முப்பத்தைந்து வயதுப் பெண் பொருளாதாரத்தில் ஒரு கேள்விக்கு, ‘விலை ஏறினால் தேவை குறையும்’ என்று எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கறையில்லாத திருத்தம் எப்படி இருக்கும்? ஓரத்தில் ஒரு டிக், கீழே 6/10. அவ்வளவுதான். அவருக்கு எந்த 4 எங்கே போனது என்றே தெரியாது. அக்கறையான திருத்தத்தில் ஓரத்தில் இப்படி இருக்கும்: “சரி. ஆனால் உப்பு விலை இரண்டு மடங்கானால் நீங்கள் பாதி உப்புதான் போடுவீர்களா? எந்தப் பொருளுக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பகுதி 4.3-ஐ மறுபடி பாருங்கள்.” இந்த மூன்று வரி ஒரு மணி நேர வகுப்புக்குச் சமம். பிட்மன் அட்டையைத் திருத்தி அனுப்பினாரே, அதே வேலை.

இந்தத் திருத்தத்தைச் செய்பவருக்கு ஓபன் யுனிவர்சிட்டியில் டியூட்டர் என்று பெயர். இக்னோவில் கல்வி ஆலோசகர். பாடம் எழுதியவரும் இவரும் வேறு வேறு ஆட்கள். ஒரு சின்னக் குழு மாணவர்களுக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்தால் ஏற்பாடு உயிரோடு இருக்கும். கட்டுக்கட்டாக விடைத்தாளைக் கொடுத்து ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னால் டிக்கும் எண்ணும்தான் வரும். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதமும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதமும் மதிப்பு. மதிப்பெண்ணுக்காக மட்டும் பார்த்தாலே கணிசம்தான்.

நேரக் கணக்கு

‘கிரெடிட்’ என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம், அது படிப்பை மணி நேரத்தில் அளக்கும் அளவுகோல். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. புத்தகம் படிப்பது, ஒலிப்பதிவு கேட்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் சேர்த்து. நாலு கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். பிரிட்டனில் அளவுகோல் வேறு, அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். வருஷத்துக்கு 60 கிரெடிட் எடுத்தால் ஆறு வருஷம். வருஷத்தில் 36 வாரம் படிக்கிறீர்கள் என்றால் வாரத்துக்கு 16, 17 மணி நேரம்.

இதைத்தான் சேரும்போது யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. ‘வீட்டில் இருந்தபடியே படிக்கலாம்’ என்ற வாசகத்தைப் பார்த்துச் சேர்கிறார்கள். வீட்டில் இருந்தபடிதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு முழு வேலைநாள் அளவு.

இந்த முறையின் வசதி, வேகத்தை உங்கள் காலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்பது. ஒரு வருஷம் குழந்தை பிறந்தால் குறைவாக எடுக்கலாம், அடுத்த வருஷம் கூட்டலாம். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை நீட்டிக்கலாம். வாங்கிய கிரெடிட் கணக்கில் அப்படியே இருக்கும்.

ஒரு பாடம், லட்சம் பேர்

ஓபன் யுனிவர்சிட்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் மற்ற நாடுகள் வேகமாகப் பின்தொடர்ந்தன. ஸ்பெயின் 1972, பாகிஸ்தான், ஜெர்மனி இரண்டும் 1974, சீனா 1979, இலங்கை 1980. இந்தியாவில் முதலாவது, 1982-இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. இன்று அதன் பெயர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்னோ வந்தது. 1987-இல் இரண்டே டிப்ளமோ, 4,528 மாணவர்கள் என்று பாடத்தைத் தொடங்கிய அது, பிறகு உலகிலேயே மிகப்பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றாக வளர்ந்தது. சிறைகளுக்குள்ளும் அதற்குக் கல்வி மையங்கள் உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது.

இவ்வளவு பெரிதாக எப்படி முடிகிறது? ஜெர்மனியின் ஹாகன் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தை முதல் தலைவராக நடத்திய ஓட்டோ பீட்டர்ஸ் இதைத் தொழிற்சாலையோடு ஒப்பிட்டார். கைத்தறியில் நெசவாளர் ஒருவரே நூல் பார்த்து, பாவு ஓட்டி, நெய்து முடிப்பார். ஆலையில் வேலை பிரிந்துவிடும். வகுப்பறை ஆசிரியர் கைத்தறிக்காரர்: பாடம் தயாரிப்பது, நடத்துவது, திருத்துவது, ஆறுதல் சொல்வது எல்லாம் அவரே. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலைகள் ஆளாளுக்குப் பிரிகின்றன. முதல் பிரதியைத் தயாரிக்கச் செலவு மலைபோல. அடுத்த பிரதிக்கு அச்சுக்கூலிதான். ஐம்பது பேருக்கென்று எழுதினால் கட்டுப்படியாகாது, ஐம்பதாயிரம் பேர் என்றால் தலைக்குச் செலவு இறங்கிவிடும்.

ஓபன் யுனிவர்சிட்டியின் துணைவேந்தராக இருந்த ஜான் டேனியல், ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர் உள்ள இத்தகைய நிறுவனங்களை ‘மெகா பல்கலைக்கழகங்கள்’ என்றார். வகுப்பறைக் கல்வி ஒரு முக்கோணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் சொன்னது. மாணவரைக் கூட்டினால் தரம் குறையும், தரத்தைக் கூட்டினால் செலவு ஏறும், செலவைக் குறைத்தால் இரண்டில் ஒன்று அடிபடும். தொலைநிலை அந்த முக்கோணத்தை உடைக்கும் என்று அவர் நம்பினார். பாடநூல் விஷயத்தில் அது உண்மை. திருத்துகிற ஆள் விஷயத்தில் உண்மையில்லை. ஒருவர் ஒரு நாளில் கவனமாகத் திருத்தக்கூடிய தாள்கள் இத்தனைதான், அதில் ஆலை முறை செல்லாது. பணம் குறையும்போது எந்த நாட்டிலும் முதலில் வெட்டு விழுவது இங்கேதான்.

பென்சில் எழுத்து எங்கே நிற்கிறது

யாரோ படித்துவிட்டுக் கைமாற்றிய தொலைநிலைப் பாடநூலைப் புரட்டியிருக்கிறீர்களா? முதல் அலகில் அடிக்கோடு, ஓரக்குறிப்பு, புள்ளிக்கோடுகளில் அழகான பென்சில் எழுத்து. இரண்டாவதில் கொஞ்சம் குறையும். மூன்றாவதில் அடிக்கோடு மட்டும். நான்காவதிலிருந்து புத்தகம் புத்தம்புதிதாக இருக்கும்.

திறந்தநிலைக் கல்வியின் பெரிய சங்கடம் இது. சேர்கிறவர்களில் முடிக்கிறவர்களின் விகிதம் வழக்கமான கல்லூரிகளைவிடக் குறைவு. இதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வடிகட்டிச் சேர்க்கும் கல்லூரி, முடிக்கக்கூடியவர்களை வாசலிலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு பிறகு தேர்ச்சி விகிதத்தைக் காட்டுகிறது. யாரையும் வடிகட்டாத இடத்தில் அதே விகிதத்தை எதிர்பார்க்க முடியாது. தவிர, தன் வேலைக்குத் தேவையான இரண்டு பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவரும் கணக்கில் ‘இடைநின்றவர்’தான்.

ஆனால் இதையே சாக்காகச் சொல்லிப் பல்கலைக்கழகம் கைகழுவவும் கூடாது. உள்ளே வருவதற்குத் தகுதி கேட்பதில்லை, வெளியே வருவதற்கான தேர்வு மட்டும் மற்ற பல்கலைக்கழகத் தரத்தில் இருக்க வேண்டும். இடையில் இருக்கும் ஏற்றம் அதனால் செங்குத்தாகிறது. பதினெட்டு வருஷமாகப் பேனா பிடிக்காதவரை உள்ளே விட்டுவிட்டு, அடுத்து தேர்வு நாளில்தான் பார்ப்பேன் என்றால் அது 1858-இன் லண்டன் ஏற்பாடுதான். அப்படி ஆகாமல் இருக்கத்தான் முன்னேற்பாட்டுப் படிப்புகள் உண்டு. பள்ளியை முடிக்காதவர்களுக்கு இக்னோ பட்டப்படிப்புக்கு முன் ஓர் ஆயத்தப் படிப்பு நடத்தியது. வார இறுதித் தொடர்பு வகுப்பு, முதல் அசைன்மென்ட்டை அனுப்பாதவரைத் தேடிப் பிடித்துப் பேசும் ஒரு ஃபோன் அழைப்பு, இவையெல்லாம் விளம்பரத்தில் வராத, ஆனால் ஆளை நிறுத்திவைக்கிற விஷயங்கள். பெரும்பாலோர் விடுவது முதல் சில மாதங்களில். அப்போது வருகிற ஓர் அழைப்புக்கு இறுதித் தேர்வு நேர ஊக்க உரை ஈடாகாது.

2012 வாக்கில் இணையத்தில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்த இலவசக் காணொளிப் படிப்புகள் வந்தபோது, இனிப் பல்கலைக்கழகமே வேண்டாம் என்றார்கள். அவற்றில் முடித்தவர்கள் மிகச் சொற்பம். காணொளி நன்றாகவே இருந்தது. திருத்த ஆள் இல்லை, காணாமல் போனால் தேட ஆள் இல்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பட்டம் செல்லுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்று அனுமதி தருகிறது. அனுமதி உள்ள படிப்பின் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்பது விதி. நிறுவனத்தின் பெயர் பெரியது என்பதோடு நின்றுவிடாமல், நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றை இப்படிப் படிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, நம் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நேராகப் பொருந்துவது. பல்கலைக்கழகம் பள்ளிச் சான்றிதழைக் கேட்காமல் சேர்த்தாலும், வேலை தருபவர் கேட்கலாம். பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசுப் பணிகளுக்கு விதி வந்தபோது, வரிசை தவறிப் பட்டம் வாங்கிய பலர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அரசு வேலை மனதில் இருந்தால், முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்கு வருவது நல்லது.

இதற்கெல்லாம் அப்புறம், விளம்பரத்திலோ விண்ணப்பத்திலோ இல்லாத கேள்வி ஒன்றைக் கல்வி மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்: “அசைன்மென்ட்டைத் திருத்தித் திருப்பித் தருவீர்களா, மதிப்பெண் மட்டும் போடுவீர்களா? எத்தனை நாளில் கைக்கு வரும்?” முடிந்தால் அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரிடம் திருத்தி வந்த தாள் ஒன்றை வாங்கி, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.